கதவு இருக்கு நைனா

காலை நல்லா நீட்டி உக்காருங்க சார். எனக்காக ஒதுங்க வேணாம். நான் ரயில்ல தூங்கறவன் இல்ல. கார்டா இருந்து ரிட்டையர் ஆனவன். வண்டி ஓடறப்ப கண்ணை மூடினா பாவம்னு இந்த ஒடம்புக்கே தெரியும்.

டெல்லியில உங்களுக்கு எந்த ஆபீஸ்? நல்லது, நல்லது. அந்த ஊர்ல நமக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணாவது இருக்கணும்.

நான் அரக்கோணம் சார். இன்னிக்குக் காலையில எங்க வீட்டுக் கல்யாணம், திருத்தணி மலையில. ஆமா, கல்யாண வீட்டுக்காரன்தான் நான், மஞ்சப்பையைத் தூக்கிக்கிட்டு வண்டி ஏறிட்டேன். யாருக்குக் கல்யாணம்னா, என் மருமகளுக்கு. மகளுக்கு இல்ல சார், மருமகளுக்கு. சரியாத்தான் காதுல விழுந்துச்சு உங்களுக்கு.

நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு தெரியுது. இந்தக் காலத்துல இது ஒரு தப்பான்னுதானே? நானும் தப்புன்னு சொல்லல. விதவைக்குக் கல்யாணம் பண்ணி வைக்கணும்னு எங்க காலனியில கூட்டம் போட்டப்ப மேடை ஏறிப் பேசினவன் நான். ஆனா அவ விதவை இல்லியே சார். அதான் என் வழக்கு.

என் பையன் பேரு தணிகாசலம். ஒரே பையன். திருத்தணியில முடி இறக்கறேன்னு வேண்டிக்கிட்டுப் பொறந்தவன். ஏர்போர்ஸ்ல ஃப்ளைட் லெஃப்டினன்ட். குண்டு போடற விமானம் சார், கான்பெரான்னு பேரு. அதுல ரெண்டே பேரு. ஒருத்தன் பைலட், ஓட்டறவன். இன்னொருத்தன் நேவிகேட்டர், வழி சொல்றவன். குண்டு எங்க விழணும்னு பாத்து விடறவனும் அவன்தான். என் பையன் நேவிகேட்டர்.

பைலட் ஆகணும்னுதான் போனான். பரீட்சை வச்சுப் பாத்துட்டு, உனக்கு அது வராது, இது வரும்னு சொல்லிட்டாங்க. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தான். நான் சொன்னேன்: "டேய், இன்ஜின் டிரைவரா வண்டிக்குப் பெரியவன்? பின்னால கார்டு பச்சைக் கொடி காட்டலன்னா அவன் ஒரு அடி நகர்த்த முடியுமா? உங்கப்பன் கார்டு. நீயும் கார்டு. போடா." சிரிச்சுட்டான். அப்பறம் அவனுக்கு அந்த வேலையே பிடிச்சுப் போச்சு. லீவுல வந்தான்னா வெறும் ஆகாசத்தைப் பாத்து, நைனா, நாம இப்ப இந்தத் திசையைப் பாத்து நிக்கறோம்பான். எங்க பக்கத்துல அப்பாவை நைனான்னுதான் கூப்பிடுவோம்.

கல்யாணம் நான் பாத்து முடிச்சதுதான். வச்சலா. வேலூர்ப் பொண்ணு, டீச்சர் டிரெயினிங் முடிச்சவ. ஆக்ராவுல குவார்ட்டர்ஸ் கொடுத்தாங்க, ரெண்டு பேரும் போய்க் குடித்தனம் வச்சாங்க. நானும் என் சம்சாரம் தெய்வானையும் ஒரு தடவை போய் இருந்துட்டு வந்தோம். அப்பதான் என்னைக் கூட்டிட்டுப் போய் அந்த விமானத்தைக் காட்டினான். கிட்ட நின்னா பெருசு சார். மேல ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கு, அது பைலட்டுக்கு. சுத்துமுத்தும் உலகமே தெரியும் அவனுக்கு. இவன் உள்ள, இருட்டுல, ஒரு சின்ன மேஜை முன்னால. குண்டு போடற நேரத்துல தவழ்ந்து போய் மூக்குக்குள்ள குப்புறப் படுத்துக்கணும். அதுல ஒரு சின்னக் கண்ணாடி, கீழ பாத்த மாதிரி.

நான் கேட்டேன்: "அடிபட்டா எப்படிடா வெளிய வருவீங்க?"

"பைலட் ஒரு பிடியை இழுத்தா நாற்காலியோட சேத்து அவனை வெளிய தூக்கி எறிஞ்சுடும் நைனா. தானா பாராசூட் விரியும்."

"உனக்கு?"

"எனக்குக் கதவு இருக்கு நைனா."

"கதவுன்னா?"

"கதவுதான். பக்கத்துல இருக்கு பாரு. பாராசூட்டை மாட்டிக்கிட்டுத் திறந்து குதிக்கணும்."

நான் அந்தக் கதவைத் தொட்டுப் பாத்தேன் சார். தாழ்ப்பாளைப் பாத்தேன். வண்டிக் கடைசியில கார்டு போற எங்க பிரேக் வேன் கதவைவிடச் சின்னது. "ஏன்டா, உனக்கு மட்டும் நாற்காலி வைக்கலியா?"ன்னேன். "நமக்கு நாற்காலி எதுக்கு நைனா, நாம கார்டுதானே"ன்னான். நான் சொன்ன வார்த்தையை எனக்கே திருப்பி விட்டான். அவங்கம்மாகிட்ட இதைச் சொல்லாதேன்னு மட்டும் சொன்னான். சொல்லல.

எழுபத்தொண்ணுல சண்டை வரும் வரும்னு பேச்சு வந்ததும் வச்சலாவை எங்க வீட்டுக்கு அனுப்பி வச்சுட்டான். கார்த்திகை தீபம் முடிஞ்ச கையோட சண்டை வந்துடுச்சு. மாடத்துல வச்ச அகலைக்கூட எடுக்கல, அதுக்குள்ள தந்தி. சண்டையில போன இடத்துலேர்ந்து திரும்பி வரல, காணோம்னு தந்தி.

தெய்வானை அடிச்சுக்கிட்டு அழுதா. தெருவே கூடிடுச்சு. நான் சத்தம் போட்டேன்: "எவளும் அழக் கூடாது. காணோம்னுதான் போட்டிருக்கான்." உங்களுக்குத் தெரியாது சார், ரயில்வேயில வேகன் காணாமப் போகும். முழு வேகன். எந்த ஊர்லியோ சைடிங்ல, ஓரத் தண்டவாளத்துல தள்ளிட்டு மறந்துடுவான். ஆறு மாசம் கழிச்சு முள்ளுச்செடி முளைச்சு நிக்கும், உள்ள சரக்கு அப்படியே இருக்கும். காணாமப் போன வேகன் நொறுங்கிப் போன வேகன் இல்ல. நொறுங்கினா நொறுங்கிச்சுன்னு எழுதுவான். இதை நான் அன்னிக்குச் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன்.

வச்சலா அழுகையை நிறுத்திட்டு என்னையே பாத்தா. "நிஜமாவா மாமா?"ன்னா. "நிஜம்தாம்மா"ன்னேன். நான் சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிட்டா, பாவம். பொட்டு அழிக்கல, ஒண்ணும் பண்ணல. அப்ப அவளுக்கு என்மேல அவ்வளவு நம்பிக்கை.

டீ சாப்பிடறீங்களா சார்? வேணாமா. சரி.

அடுத்த வருஷம் கைதிகளை விட்டாங்க. அதுல குரியன் வந்தான். குரியன் யாருன்னா, என் பையனோட பைலட். கோட்டயத்துக்காரன். ரெண்டு பேரும் ஒரே விமானத்துல போனவங்க. அவன் எதிரி ஜெயில்ல ஒரு வருஷம் இருந்துட்டு உயிரோட வந்துட்டான். கேள்விப்பட்டதும் தேங்கா உடைச்சேன் சார். பைலட்டே வந்துட்டான்னா கார்டு பின்னாலயே வந்துடுவான்னு.

குரியன் எங்க வீட்டுக்கு வந்தான். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். இலை போட்டேன், உக்காரல. காப்பி கொடுத்தா தெய்வானை, டம்ளரைக் கையில வச்சுக்கிட்டே இருந்தான், குடிக்கல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அச்சா, தணிகா மாதிரி ஒரு ஆள் என் லைஃப்ல இல்ல"ன்னான். அவனுக்குத் தமிழ் தெரியும், ஆனா மலையாளம் கலந்து வரும், அச்சான்னா அப்பா. தணிகா குண்டு போடற ஒவ்வொரு தடவையும் முருகான்னு சொல்லுவானாம். நாம பொழைக்கிறதுக்காடான்னு இவன் கேட்டானாம். இல்ல, கீழ இருக்கறவனுக்காகன்னு சொன்னானாம். பைத்தியக்காரப் பய. எதிரிக்கு வேண்டிக்கிட்டுக் குண்டு போட்டிருக்கான்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "கதவு திறந்துச்சா தம்பி?"

அவன் என் மூஞ்சியப் பாக்கல. "நான் இருக்கற இடத்துலேர்ந்து கதவு தெரியாது அச்சா"ன்னான்.

அது உண்மைதானே சார். மேல கூண்டுல இருக்கறவனுக்கு உள்ள இருக்கற கதவு எப்படித் தெரியும்? நான் பாத்திருக்கேனே அந்த விமானத்தை. எனக்கு நிம்மதியாப் போச்சு.

அப்பறம் வச்சலாகிட்டப் பேசணும்னான். ரெண்டு பேரும் கொல்லைப்பக்கம் போனாங்க. நான் கூடத்துலேர்ந்து பாத்தேன். அவன் பேசறான், பேசறான், தலையைக் குனிஞ்சுக்கிட்டே பேசறான். அவ துணி காயப்போடற கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. ஒரு தடவை மெதுவா அப்படியே கீழ உக்காந்தா. அப்பறம் எந்திரிச்சா. முகம் கழுவிக்கிட்டு உள்ள வந்தா. வந்து என்ன கேட்டா தெரியுமா சார்?

"டெல்லிக்கு எப்பப் போகலாம் மாமா?"

பாத்தீங்களா! பொண்ணுன்னா இப்படி இருக்கணும்னு நெனச்சேன். தெய்வானை அன்னிக்கே படுத்துட்டா. ஆனா இவ, புருஷன் உயிரோட இருக்கான்னு நம்பி என்கூடக் கிளம்பறா. குரியன் ஏதோ நல்ல சேதி சொல்லியிருக்கான், வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

அப்பறம் எத்தனை தடவை டெல்லி போனோம்னு கணக்கில்ல. எனக்கு ரயில்வே பாஸ். அவளுக்கு ஸ்கூல்ல வேலை கிடைச்சிருந்துச்சு, லீவு விட்டா டெல்லி. வேற எங்கயும் போனதில்ல. எனக்கு ஹிந்தி வராது. அவ ஆக்ராவுல கத்துக்கிட்டவ, கடகடன்னு பேசுவா. நான் போட்டோவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன், அவ பேசுவா. அவதான் சார் எனக்கு வாய்.

ஒரு பெரிய ஆபீசர். தலை நரைச்சவரு. எங்களை உக்கார வச்சு ரொம்ப நேரம் பேசினாரு. நடுவுல கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. என்னைப் பாத்துக் கை கூப்பினாரு. நான் வச்சலாவைக் கேட்டேன், "என்னம்மா சொல்றாரு?"

"தேடிக்கிட்டு இருக்காங்களாம் மாமா."

அவ்வளவுதான். அவரு அவ்வளவு நேரம் பேசினதுக்கு இவ்வளவுதான். ஹிந்தி கொஞ்சம் நீட்டமான பாஷை போல இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். வெளிய வந்து படிக்கட்டுல, ஒரு நிமிஷம் மாமான்னு சொல்லிட்டுத் தூணுக்குப் பின்னால போய் நின்னா. வெய்யில் ஒத்துக்கலன்னா. டெல்லி வெய்யில் அப்படி சார், நமக்கு ஒத்துக்காது.

இப்படியே போச்சு. பஞ்சாப்காரங்க, மராட்டிக்காரங்க, நம்மள மாதிரி பிள்ளைங்களைத் தேடறவங்க நிறையப் பேரு அந்த வராந்தாவுல பழக்கம். எல்லாருக்கும் வச்சலாவைப் பிடிக்கும். எனக்குச் சுகர் வந்தப்ப, ஊசி போடக் கத்துக்கிட்டு ரயில்லியே போட்டு விடுவா. பெத்த பொண்ணு செய்ய மாட்டா சார். அப்படி இருந்தவ.

போன தைக்கு மேல சம்பத்னு ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு. அவ ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர். மரியாதையான ஆளு, அதைச் சொல்லணும். செருப்பைத் தெருவுலியே விட்டுட்டு வந்து நின்னாரு. "ஐயா, உங்க அனுமதி இல்லாம எதுவும் செய்ய மாட்டோம்"னாரு. எனக்கு மொதல்ல புரியவே இல்ல. புரிஞ்சதும், "என் பையன் வந்தா என்ன பதில் சொல்றது?"ன்னு கேட்டேன். அவரு வச்சலாவைப் பாத்தாரு. வச்சலா தெய்வானையைப் பாத்தா. தெய்வானை, நீங்க போங்க தம்பி, நாங்க பேசிக்கிறோம்னு அவரை அனுப்பிட்டா.

அப்பறம்தான் சார் சொன்னாங்க. ரெண்டு பொம்பளைங்களும் சேந்து.

வச்சலா எனக்கு முன்னால கீழ உக்காந்தா. "மாமா, குரியன் அன்னிக்கே எனக்கு எல்லாத்தையும் சொல்லிட்டாரு"ன்னா.

"என்ன சொன்னான்?"

"திரும்பி வரப்ப அடிபட்டுடுச்சு. ரொம்பத் தாழப் பறந்துக்கிட்டு இருந்தாங்க. நீ மொதல்ல குதின்னு குரியன் சொல்லியிருக்காரு. இவரு கதவுகிட்டப் போயிருக்காரு. அது நசுங்கி இறுகிப் போயிருந்துச்சாம் மாமா. உதைச்சு உதைச்சுப் பாத்திருக்காரு. குரியனுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கு."

"அப்பறம்?"னேன்.

"குரியன் குதிக்கல. கொஞ்சமாவது மேல ஏத்திட்டா ஏதாவது பண்ணலாம்னு பிடிச்சுக்கிட்டே இருந்திருக்காரு. இவரு தவழ்ந்து வந்து அவர் தொடையில தட்டியிருக்காரு. கதவு திறந்துடுச்சு, நான் போறேன், நீ போன்னு கத்தியிருக்காரு. அதை நம்பித்தான் குரியன் பிடியை இழுத்தாரு. பாராசூட்ல தொங்கிக்கிட்டே பாத்திருக்காரு. இன்னொரு பாராசூட் இல்ல மாமா. விமானம் வயல்ல போய் விழறவரைக்கும் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்காரு."

தெய்வானை சுவத்துல சாஞ்சுக்கிட்டு இருந்தா. அவளுக்கும் தெரியும். அவளும் அழல. அவ எப்பவோ அழுது முடிச்சுட்டா போல இருக்கு.

நான் கேட்டேன் சார். கேட்க வேண்டிய கேள்விதானே? "அப்ப ஏன்டி இத்தனை வருஷம் என்கூட டெல்லிக்கு வந்தே? எதுக்கு அந்த நாடகம்?"

அவ என்ன சொன்னா தெரியுமா? "நீங்க தனியாப் போவீங்களே மாமா"ன்னா.

இது ஒரு பதிலா சார்? நீங்களே சொல்லுங்க. தனியாப் போவேனாம். நான் தனியாப் போகத் தெரியாதவனா? ஊர் ஊராத் தனியா வண்டியில போனவன் சார் நான், பிரேக் வேன்ல, பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாம. ஏமாத்திட்டா. அந்த ஆபீசர் அன்னிக்கு என்ன சொன்னாரோ, எத்தனை ஆபீசர் என்னென்ன சொன்னாங்களோ, அத்தனையும் மாத்தி மாத்திச் சொல்லி என்னை ஏமாத்திட்டா. அவகூட உக்காந்து சாப்பிட்டேன், அவ கையால ஊசி போட்டுக்கிட்டேன்.

நான் விடல. "குரியன் பாத்தானா? பொணத்தைப் பாத்தானா?"ன்னேன்.

"இல்ல மாமா. அதுக்குள்ள அவரைப் பிடிச்சுட்டாங்க."

"அப்பறம் என்ன? கதவு திறந்துடுச்சுன்னு அவனே சொல்லியிருக்கான். எம்புள்ள பொய் சொல்ல மாட்டான்."

அவ என் முழங்கால்மேல தலையை வச்சுக்கிட்டு, "அந்த ஒண்ணுதான் மாமா பொய்"னு அழுதா. நான் காலை இழுத்துக்கிட்டேன்.

யோசிச்சுப் பாருங்க சார். அவன் எதுக்குப் பொய் சொல்லணும்? கதவு இறுகியிருக்கும், இல்லன்னு நான் சொல்லல. எங்க பிரேக் வேன் கதவு மழைக்காலத்துல இறுகிக்கும். மொத உதையில அசையாது. தோளைக் கொடுத்து இன்னொரு உதை விட்டா படார்னு திறக்கும். அவன் சின்ன வயசுல என்கூட வேன்ல வந்தப்ப நான் உதைச்சுத் திறக்கறதைப் பாத்திருக்கான். குரியன் போனப்பறம் இன்னொரு உதை விட்டிருப்பான். பாராசூட் அந்தப் பக்கமா விரிஞ்சிருக்கும். தொங்கறவன் நாலு பக்கமும் திரும்பிப் பாக்க முடியுமா? இதைச் சொன்னா ரெண்டு பேரும் என்னையே பாக்கறாங்க. பைத்தியத்தைப் பாக்கற மாதிரி.

நேத்து சாயங்காலம் வச்சலா வந்து என் கால்ல விழுந்தா. "நீங்க வந்து நிக்கலன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம் மாமா"ன்னா. நான் சுவத்துப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டேன். ரொம்ப நேரம் அப்படியே கிடந்தா. அப்பறம் தெய்வானைதான் தூக்கி எழுப்பினா. "நாளைக்கு நான் வரேன்டி. நான் பெத்தவ. நான் வந்து நின்னா அவன் நின்ன மாதிரி"ன்னா. எனக்குக் கேக்கணும்னே சத்தமாச் சொன்னா.

காலையில எல்லாரும் கிளம்பிப் போனாங்க. வீட்ல நான் மட்டும். மேஜைமேல ஊசி மருந்து, பஞ்சு, எந்த வேளைக்கு எவ்வளவுன்னு எல்லாம் எடுத்து வச்சிருந்தா. கல்யாணப் பொண்ணு, விடிகாலையில எழுந்து இதைப் பண்ணியிருக்கா. நான் அதை எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். ஒடம்புக்கு வேணுமே. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்ல கொடுத்துட்டு மெட்ராஸ் வண்டி பிடிச்சு, சென்ட்ரல்ல இதுல ஏறிட்டேன்.

சும்மா போகல சார். வச்சலாவுக்குக்கூடச் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு, உங்ககிட்டச் சொல்றேன். எங்க தெருவுல ஒரு மிலிட்டரிக்காரர், பஞ்சாப்லேர்ந்து லீவுல வந்தவரு. அவரு சொன்னாரு. எல்லை ஓரத்துல ஒரு விவசாயி, மாடு தேடிக்கிட்டு அந்தப் பக்கம் போய் மாட்டிக்கிட்டவன், அவங்க ஜெயில்ல கிடந்துட்டு இப்ப விட்டிருக்காங்க. அவன் இருந்த அறைக்கு அடுத்த அறையில ஒரு ஆளாம். முகத்தைப் பாக்கல. ஆனா குரல் கேட்குமாம். புரியாத பாஷையில பாடிக்கிட்டே இருப்பானாம். மதராஸி பாஷை மாதிரி இருந்துச்சுன்னு அந்த விவசாயி சொல்றான்.

அந்த விவசாயியைப் போய்ப் பாக்கணும். டெல்லியில இறங்கி அங்கேர்ந்து பஸ்ஸோ ரயிலோ. ஊர் பேரு கேட்டு வச்சிருக்கேன். அவனுக்கு வேற பாஷை தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது. நீங்க ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்கூட வர முடியுமா சார்? ஆபீஸ் இருக்கும், தெரியும். குடும்பம் இருக்கும். அவன் சொல்றதை அப்படியே சொன்னாப் போதும். கூட்ட வேணாம், குறைக்க வேணாம். எவ்வளவு நீட்டமாச் சொன்னாலும் அவ்வளவும் எனக்குச் சொல்லணும்.

என்ன சார், வெளிய பாக்கறீங்க? கூடூர்தான் வருது. இங்க வண்டி கொஞ்சம் நிக்கும்.

நீங்க கேக்காட்டியும் நானே சொல்லிடறேன். தெய்வானைகிட்ட இதைச் சொன்னப்ப அவ ஒண்ணுதான் கேட்டா: "நம்ம புள்ள என்னிக்குங்க பாடினான்?" வாஸ்தவம்தான். பாடினதே இல்ல. பள்ளிக்கூடத்துல கடவுள் வாழ்த்துக்குக்கூட வாயை அசைச்சுக்கிட்டு நிப்பான், சத்தம் வராது. ஆனா இத்தனை வருஷம் தனியா ஒரு அறையில கிடந்தா, எவனா இருந்தாலும் பாடுவான் இல்லியா சார்?